கடைவீதியும் பள்ளிக்கூடமும்

விழா மலர் எதுவாயினும் அதன் பின்பக்கங்களைப் புரட்டினால் ஊரின் கடைவீதி முழுவதும் கண்முன் வந்து நிற்கும். ஜவுளிக்கடை, இரும்புக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை, அச்சகம் என ஒவ்வொன்றும் 'நல்வாழ்த்துக்களுடன்' என்ற சொல்லோடு தம் பெயரைப் பதித்திருக்கும். மலரின் காகிதச் செலவும் அச்சுக்கூலியும் பெரும்பாலும் அந்தப் பக்கங்களிலிருந்தே வருகின்றன என்பது யாவரும் அறிந்ததே. முன்பக்கங்களில் பள்ளியின் வரலாறு. பின்பக்கங்களில் வணிகர்களின் வாழ்த்து. இவ்விரண்டிற்கும் உள்ள உறவு ஒரு விளம்பரத்தோடு முடிந்துவிடுவதுதானா? நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் இதற்கு என்ன விடை கிடைக்கிறது என்பதை இந்த விழா நாளில் நாம் சற்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

தமிழ்நாட்டில் பள்ளிகளை எழுப்பியவர்கள் யார் என்று கேட்டால், அரசாங்கமும் மறைப்பணியாளர்களும் என்று நாம் உடனே விடை கூறிவிடுகிறோம். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. 1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் என்பவர் இலண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கையின்படி இந்தியாவில் உதவி மானிய முறை வந்தது. பள்ளி நடத்துவோர் ஒரு பகுதிச் செலவை ஏற்றுக்கொண்டால் அரசு மறுபகுதிக்குக் கைகொடுக்கும் என்பதே அதன் சாரம். அரசின் பகுதி கருவூலத்திலிருந்து வந்தது. மற்றப் பகுதி எங்கிருந்து வந்தது? மறைப்பணிச் சபைகளுக்கு வெளிநாட்டு உதவி இருந்தது. அத்தகைய உதவி இல்லாத ஊர்களில் பள்ளியைத் தாங்கியது பெரும்பாலும் கடைவீதியே. அந்த வரலாற்றில் நாம் பெருமைப்படத்தக்கவையும் உண்டு, தலைகுனியத்தக்கவையும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் கூறுவதே முறையாகும்.

உறங்கிக் கிடந்த உயில்

முதலில் சென்னையிலிருந்து தொடங்குவோம். பச்சையப்ப முதலியார் 1754-ல் பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷ் தொழில் செய்து, பெரும் பொருள் ஈட்டினார். 1794-ல், நாற்பது வயதளவில், அவர் மறைந்தபோது தம் செல்வத்தை அறத்திற்கென எழுதி வைத்த உயில் ஒன்றை விட்டுச் சென்றார். அக்காலத்தில் நம்மவர் உயில் எழுதுவதே அரிது. இத்தகைய ஒருவரின் பொருள் மறு ஆண்டே அறப்பணிக்கு வந்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் நடந்தது வேறு. குடும்பத்தாரும் பொறுப்பாளர்களும் வழக்காடினர். ஆண்டுகள் உருண்டன. இறுதியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, தேங்கிப் பெருகியிருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கல்விக்குத் திருப்பிவிட வழி செய்தது. 1842 ஜனவரி 1-ஆம் நாள்தான் பச்சையப்பரின் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. அவர் கண்மூடியதற்கும் முதல் மாணவன் பலகையில் அமர்ந்ததற்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து முதிர்ந்துவிட்டனர்.

அப்பள்ளி பின்னர் கல்லூரியாக வளர்ந்து நாட்டிற்குச் செய்த தொண்டு பெரிது. கணித மேதை இராமானுசனும் பேரறிஞர் அண்ணாவும் அங்குப் பயின்றவர்களே. எனினும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1947 வரை அக்கல்லூரியில் இந்துக்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. அதன் பின்னரே எல்லாருக்கும் அதன் கதவு திறந்தது.

ஆகவே இந்த முதல் வரலாறே நமக்கு இரண்டு கேள்விகளைத் தந்துவிடுகிறது. வணிகர் கொடுக்கும் பொருள் பள்ளிக்குத் தவறாமல் வந்து சேர ஒரு விதி இருக்கிறதா? வந்து சேர்ந்தபின் அந்தப் பள்ளியின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது? இனி வரும் ஊர்களிலும் இவ்விரு கேள்விகளையும் கேட்டுக்கொண்டே செல்வோம்.

மூடைக்கு ஒரு மகமை, உலைக்கு முன் ஒரு பிடி

சென்னையை விட்டுத் தெற்கே, அன்று விருதுபட்டி என்றும் இன்று விருதுநகர் என்றும் வழங்கும் ஊருக்கு வருவோம். பருத்தி, மிளகாய், மல்லி, எண்ணெய், தானியம் என்று மூடை மூடையாகச் சரக்கு வந்து குவியும் ஊர் அது. சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி முதலிய ஊர்களைப் போலவே இங்கும் நாடார் பெருமக்கள் பேட்டை அமைத்து வாணிபம் செய்தனர். அன்று கோவில் வாயிலும் பொதுத் தெருவும் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. எனவே தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது.

அதற்கு அவர்கள் கையாண்ட கருவிக்கு மகமை என்று பெயர். கடையில் விற்கும் சரக்கில் மூடைக்கு இவ்வளவு, கட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வணிகர் ஒதுக்கிவைப்பார். அது உறவின்முறை என்னும் ஊர் அவையின் பொதுப்பணத்தில் சேரும். இலாபம் வந்தால் கொடுப்போம், மனமிருந்தால் கொடுப்போம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சரக்கு கைமாறினால் மகமை உண்டு, அவ்வளவுதான். பேட்டையின் காவல், கிணறு, கோவில் என்று தொடங்கிய அச்செலவு பின்னர் பள்ளிக்கும் நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது இவ்வாறுதான்.

கடைவீதி மகமையோடு வீடுகளும் சேர்ந்துகொண்டன. நாள்தோறும் உலையில் அரிசி இடுவதற்கு முன், இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். வாரந்தோறும் அந்த அரிசியைத் திரட்டி விற்று, பணத்தைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். இதுவே பிடியரிசி. பானையில் மிஞ்சியதைக் கொடுப்பது வேறு, பானைக்குப் போகுமுன் எடுத்து வைப்பது வேறு என்பதை நம் தாய்மார்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம் பங்குகள் பலவற்றிலும் பிடியரிசி வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர். கேரளத்தில் புனித சாவரா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார் 1864-ஆம் ஆண்டளவில் கோவில்தோறும் ஒரு பள்ளி வேண்டும் என்று வற்புறுத்தியதோடு, ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக வீடுகளில் பிடியரிசி திரட்டச் செய்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மகமையிலும் பிடியரிசியிலும் கொடுப்பவர் பெயர் பெரிதாகத் தெரிவதில்லை. பெரிய மண்டிக்காரரும் சிறு கடைக்காரரும் தத்தம் சரக்கின் அளவுக்கேற்பக் கொடுத்தனர். ஒரு கடை நொடித்தால் பள்ளி நொடிக்கவில்லை. மற்றக் கடைகள் இருந்தன. பணம் பலருடையதாக இருந்ததால் கணக்குக் கேட்கும் உரிமையும் பலருக்கு இருந்தது. நம் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் கிடைப்பது அரிது.

ஐந்தாவது பங்கு

கோயம்புத்தூரை அடுத்த பீளமேட்டில் பூ. சா. கோவிந்தசாமி நாயுடு என்னும் பருத்தி வணிகர் வாழ்ந்தார். அவருக்குப் புதல்வர் நால்வர். குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்ளும் காலம் வந்தபோது அவர்கள் அதை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தனர். ஐந்தாவது பங்கு அறத்திற்கு. 1926-ல் 2,01,000 ரூபாய் மூலதனத்தோடு பூ. சா. கோ. குடும்பத்தாரின் அறநிலையம் இவ்வாறு தொடங்கியது. சொத்துப் பிரிவினையில் ஊர் ஊராக வரப்புச் சண்டையும் வழக்கும் கண்டு பழகிய நமக்கு, அறத்தையும் ஓர் உடன்பிறப்பாகக் கருதிப் பங்கு வைத்த இச்செயல் வியப்பளிப்பதாகும்.

அந்த அறநிலையம் செய்த புதுமை ஒன்று உண்டு. அதே 1926-ல் அவர்கள் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினர். அது பயிற்சி தரும் இடமாகவும் பொருள் உற்பத்தி செய்யும் பட்டறையாகவும் ஒருங்கே நடந்தது. கோவை வட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் செய்யும் உழவனுக்கு வேண்டிய பம்புகளும் மோட்டார்களும் அங்கு உருவாயின. கடைசல் எந்திரத்தின் முன் நின்று பழகும் மாணவன், தான் செய்யும் பொருளை நாளை ஓர் உழவன் விலைகொடுத்து வாங்குவான் என்பதை அறிந்தே பழகினான். 1951-ல் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தபோது அது அந்தத் தொழில் நிலைய வளாகத்திலேயே எழுந்தது. அதற்கு முன் 1947-ல் கலைக் கல்லூரியும், பின்னர் 1985-ல் மருத்துவக் கல்லூரியும் அதே அறநிலையத்திலிருந்து வளர்ந்தன.

பள்ளிக்குத் தொழிலகம் பணம் கொடுப்பது ஒருவகை உதவி. தொழிலகமே தன் கருவிகளையும் கைத்திறனையும் பள்ளிக்குத் திறந்துவிடுவது மற்றொரு வகை. பின்னதற்குப் பீளமேடு ஒரு முன்னோடி. 1961-ல் நாடாளுமன்றம் தொழில் பழகுநர் சட்டத்தை இயற்றி, குறிப்பிட்ட தொழில்களில் பழகுநர்களுக்கு இடம் தருவதை நிறுவனங்களின் கடமையாக்கியது. அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே, எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல், ஒரு குடும்பம் கற்பதையும் செய்வதையும் ஒரே வளாகத்தில் இணைத்துக் காட்டியிருந்தது.

காரைக்குடியின் வள்ளல்

நகரத்தார் பெருமக்களின் கல்விக் கொடைகளைக் கூறப் புகுந்தால் அதுவே ஒரு நூலாகும். ராஜா அண்ணாமலை செட்டியாரின் கொடையால் 1929-ல் சிதம்பரத்தில் எழுந்த பல்கலைக்கழகத்தை நாடறியும். நாம் இங்கு ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூறுவோம்.

கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்ப செட்டியார் துணி ஆலை, இரப்பர்த் தோட்டம் எனப் பல தொழில்களில் பொருள் ஈட்டியவர். 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடந்தது. அதில் பேசிய துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று வேண்டினார். அக்கூட்டத்திலிருந்த அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவேன் என்றார். சொன்னபடி அதே ஆண்டில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. பச்சையப்பரின் பொருள் பள்ளியாக 48 ஆண்டுகள் பிடித்தன. அழகப்பரின் சொல் கல்லூரியாகச் சில வாரங்களே பிடித்தன.

அவர் அத்தோடு நிற்கவில்லை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25-ல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். வறண்ட பொட்டல் கல்வி நகரமாயிற்று. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்ற நிலை வந்தபோது தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். 1957 ஏப்ரல் 5-ல், 48 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்பு, அவர் மறைந்தார். அவர் விதைத்த நிலத்தில் 1985-ல் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது.

இத்தகைய வள்ளன்மைக்கு நாம் தலைவணங்குகிறோம். எனினும் ஓர் உண்மையை மறத்தல் ஆகாது. அழகப்பர் போன்றோர் ஒரு நூற்றாண்டில் ஓரிருவரே தோன்றுவர். அவர்கள் பிறந்த ஊருக்குக் கல்லூரி கிடைக்கும். பிறவாத ஊர் என் செய்யும்? வள்ளலுக்காகக் காத்திருக்கும் ஊரைவிட, மூடைக்குச் சில காசு ஒதுக்கும் ஊரில் பள்ளிக்கூடம் முந்தி எழும்.

துணிக்கடைப் பையன் முதல்வரானபோது

விருதுபட்டி மகமைப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளுள் ஒருவர், 1903-ல் பிறந்த காமராசர். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவர் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊர் கூடிப் பள்ளி கட்டியிருந்தும், வீட்டு வறுமை ஒரு பிள்ளையைக் கடைக்கு இழுத்துக்கொண்டது. இதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். பள்ளி இருந்தால் மட்டும் போதாது. பிள்ளை அங்கு வந்து அமர வயிற்றுக்கும் வழி வேண்டும்.

1954-ல் முதலமைச்சரான அவர் அதற்கே முதலிடம் கொடுத்தார். 1956-ல் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு பரவலாகத் தொடங்கியபோது அதன் தொடக்கம் ஊர் மக்களின் நன்கொடையே. பின்னர் அரசு செலவில் நூற்றுக்கு 60 பங்கை ஏற்க, 40 பங்கை ஊரார் ஏற்றனர். மளிகைக்கடைக்காரர் பருப்புக் கொடுத்தார். உழவர் நெல்லும் காய்கறியும் கொடுத்தார். விறகுக்கடைக்காரர் விறகு கொடுத்தார்.

1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சி அவற்றுக்குப் பெருந்துணை. தங்கள் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஆசிரியரும் ஊராரும் கூடி முதலில் பட்டியல் எழுதுவர். கரும்பலகை, பெஞ்சு, மணி, கடிகாரம், தண்ணீர்ப் பானை, சீருடை, கட்டடம் என்று பட்டியல் நீளும். பிறகு இன்னார் இன்னதைத் தருவார் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வர். ஒரு மணி வாங்கிக் கொடுக்கும் சிறு கடைக்காரரும் அப்பட்டியலில் இடம் பெறுவார். வகுப்பறை கட்டிக் கொடுக்கும் ஆலை முதலாளியும் இடம் பெறுவார். இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. பள்ளிக்கு எது வேண்டும் என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்யவில்லை. பள்ளியே முடிவு செய்தது. விருதுபட்டியில் ஒரு சமூகத்தாரின் மகமையாக இருந்தது, இங்கு ஊர் முழுவதற்கும் உரிய மகமையாக விரிந்தது. அரசும் பள்ளியும் கடைவீதியும் ஒரே பந்தலில் அமர்ந்த காலம் அது.

தீப்பெட்டி ஆபீஸ் கேட்கும் கேள்வி

இதுவரை கூறியவை யாவும் பெருமைக்குரியவை. இனிக் கூறப்போவது அத்தகையதன்று. ஆயினும் வரலாறு எழுதும்போது விரும்பியதை மட்டும் எழுதுவது அறமாகாது.

சிவகாசியிலிருந்து 1922-ல் கல்கத்தாவுக்குச் சென்ற அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து 1923-ல் ஊரில் தொடங்கினர். மழை பொய்த்த கரிசல் காட்டுக்கு அத்தொழில் சோறு போட்டது. அச்சுத் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அதைத் தொடர்ந்தன. தொழில் தந்த செல்வத்திலிருந்து பள்ளிகளும் கல்லூரிகளும் அவ்வட்டாரத்தில் எழுந்தன. இது ஒரு பக்கம்.

மறுபக்கம் என்ன? விடியுமுன்னே கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, பெட்டியில் குச்சி அடைப்பது என்று பொழுது சாயும் வரை வேலை. அடுக்கிய கட்டைக்குக் கூலி. அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுமியர். மகமையால் பள்ளி வளர்த்த அதே மண்ணில், பள்ளிக்கு வெளியே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இவ்வாறு வளர்ந்தனர்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதை அது தடுத்தது. சட்டம் வந்த உடனே வண்டி நின்றுவிடவில்லை. சிவகாசிக் குழந்தைகளின் நிலை குறித்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், இயலாவிடில் குழந்தைக்கு 5,000 ரூபாய் வீதம் நிதியில் சேர்க்க வேண்டும். அந்த நிதியின் வருவாயைக் கொண்டு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று சிறப்புப் பள்ளிகளும் நடந்தன. 2016-ல் வந்த திருத்தம், 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்துவதைப் பொதுவாகத் தடை செய்தது. வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகளை மட்டும் விட்டுவைத்தது.

அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது நமக்கு ஓர் எண்ணம் எழுகிறது. மகமை என்பது வணிகர் தாமே விரும்பி ஏற்ற விதி. அந்த 20,000 ரூபாயோ நீதிமன்றம் சுமத்திய தண்டம். தொழில் தன் கடனைத் தானே எடுத்து வைத்தால் அது அறம். பிறர் வந்து எடுக்க நேர்ந்தால் அது அபராதம். ஆகவே நம் இரு கேள்விகளோடு மூன்றாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாகிறது. பள்ளிக்குக் கொடுக்கும் கடையின் உள்ளே, பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை யாரேனும் நிற்கிறதா?

சட்டம் கூறும் 2 விழுக்காடு

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி என்னும் அளவை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது அது. அப்பணிகளுள் கல்வியும் ஒன்று. தமிழ்நாட்டு அரசும் 2022 டிசம்பர் 19-ல் 'நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி' என்னும் திட்டத்தைத் தொடங்கி, நிறுவனங்களும் முன்னாள் மாணவரும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ ஒரு வழி வகுத்தது.

இவை வரவேற்கத்தக்கவை. மகமை நாடெங்கும் சட்டமானது போலத் தோன்றும். ஆயினும் வேறுபாடு உண்டு. விருதுபட்டி மகமை சரக்கு விற்றால் உண்டு. இந்த 2 விழுக்காடோ இலாபத்திலிருந்து வருவது. இலாபம் குறைந்த ஆண்டில் உதவியும் குறையும். மேலும், பெரிய நிறுவனம் பெரும்பாலும் தன் ஆலை வாயிலுக்கு அருகிலுள்ள பள்ளியையே நாடும். ஆலையில்லாத சிற்றூர்ப் பள்ளிக்கு அந்த நிழல் எட்டுவதில்லை. பெயர்ப்பலகை மாட்டத்தக்க கட்டடத்துக்கு எளிதில் பணம் கிடைக்கும். கழிவறை கழுவும் தொழிலாளியின் மாதச் சம்பளத்துக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. சீரமைப்பு மாநாட்டுப் பட்டியலைப் போலப் பள்ளியே முதலில் தன் தேவையை எழுதினால்தான் இக்குறை நீங்கும்.

இன்னொன்று. நம் ஊர்க் கடைவீதியில் 5 கோடி ரூபாய் இலாபம் காணும் கடை எத்தனை? அந்தச் சட்டம் நம் மளிகைக்கடையையும் மரக்கடையையும் தொடுவதேயில்லை. அவர்களுக்கு இன்றும் மகமையே வழி.

நம் பங்கில் செய்யத்தக்கவை

இவ்வளவும் கூறியபின் வெறும் வாழ்த்தோடு முடிப்பது நியாயமாகாது. பங்கு மக்களில் கடை வைத்திருப்போர் உண்டு. பட்டறை நடத்துவோர் உண்டு. வண்டி ஓட்டுவோர் உண்டு. அவர்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, விழாவுக்கு விழா ஒரு தொகை என்பதை விடுத்து, நாள் விற்பனையில் ஒரு சிறு தொகை என்று ஒதுக்குவது. அது எவ்வளவு சிறியதாயினும் சரி, தவறாமல் வரவேண்டும். கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் எழுதி ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, பள்ளிக்கு வேண்டியதைத் தலைமையாசிரியரும் பெற்றோரும் பட்டியலிட்டுத் தருவது; கொடுப்போர் அதிலிருந்து ஏற்பது. பட்டியலில் சில்லறைச் செலவுகளுக்கும் இடம் வேண்டும். அந்த உதவி எந்தச் சாதி, எந்தச் சமயத்துப் பிள்ளையாயினும் வேறுபாடின்றிச் சேர வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, பணம் கொடுக்க இயலாத பட்டறைக்காரர் தம் கைத்திறனைக் கொடுக்கலாம். பள்ளி இறுதி வகுப்பு மாணவரை மாதம் ஒருநாள் ஆசிரியரோடு தம் பட்டறைக்கு வரவழைத்து, ஒரு மோட்டார் எப்படிச் சுற்றுகிறது, ஒரு கணக்குப் புத்தகம் எப்படி எழுதப்படுகிறது என்று காட்டலாம். பீளமேட்டில் விளைந்த பயிரின் ஒரு நாற்றையாவது நம் ஊரில் நட்டதாகும்.

நான்காவது வேண்டுகோளே மற்ற மூன்றையும்விடப் பெரிது. பள்ளி நேரத்தில் எந்தக் கடையிலும் எந்தப் பிள்ளையும் தட்டு எடுக்கவோ மூடை தூக்கவோ கூடாது. அப்படி ஒரு பிள்ளை வேலை கேட்டு வாயிலில் வந்து நின்றால், கடைக்காரர் அப்பிள்ளையின் வீட்டு நிலையை விசாரித்துப் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வீட்டுக்கு ஒருமாத அரிசி போனால் அப்பிள்ளை பள்ளிக்குத் திரும்பக்கூடும். துணிக்கடைக்குப் போன விருதுபட்டிச் சிறுவர் பிற்காலத்தில் நாடாளும் நிலைக்கு உயர்ந்தது அவருடைய தனிப்பெரும் ஆற்றலால். எல்லாப் பிள்ளைகளிடமும் அதை எதிர்பார்த்துக் கடைவாசலில் நிறுத்திவைக்க நமக்கு உரிமையில்லை.

வருகிற கல்வியாண்டின் முதல் நாள் பள்ளி மணி அடிக்கும்போது, நம் கடைவீதியில் பிள்ளைகளே இல்லாதிருக்கட்டும். அந்நாளிலிருந்து மகமைக் கணக்கின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்குவோம்.